கொழும்பு மொட்டைமாடியிலிருந்து ஓரியன் விண்முகிலைப் படம்பிடித்தல்

கொழும்பில் இருந்துகொண்டு இரவு வானத்தைப் படம்பிடிக்கப் போகிறேன் என்று சொல்பவருக்கு முதலில் கிடைக்கும் பதில், "இங்கே எங்கே நட்சத்திரம் தெரிகிறது?" என்பதாகவே இருக்கும். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் உச்சியில் நின்று அமாவாசை இரவில் அண்ணாந்து பார்த்தாலும், வானம் கறுப்பாக இராமல் சாம்பலும் செம்மஞ்சளும் கலந்த மங்கலாகவே கிடக்கிறது. ஆயினும் தண்ணீர்த் தாங்கிகளுக்கும் உடுப்புக் காயப்போடும் கொடிகளுக்கும் நடுவில் முக்காலியை நிறுத்தி, விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் ஒரு வாயு முகிலை அதன் செம்மையும் நீலமும் புலப்படும்படி சாதாரணக் கமராவினால் பதிவுசெய்ய முடியும். இருண்ட வானம் நமக்கு இல்லை. ஆனால் ஓரியன் விண்முகில் ஏறத்தாழத் தலைக்கு நேரே வந்து நிற்கும் அகலக்கோடு நமக்கு வாய்த்திருக்கிறது. அது அப்படி வந்து நிற்பதும் கொழும்பில் மழை மிகக் குறைந்த மாதங்களில்தான்.

இலக்கு ஏன் ஓரியன்

எம்42 என்ற பட்டியல் எண்ணால் அறியப்படும் இந்த முகில் நம்மிடமிருந்து சுமார் 1,350 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதன் அகலம் ஏறக்குறைய 24 ஒளியாண்டு. வானத்தில் அது பிடிக்கும் இடம் முழுநிலவின் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு என்பதைப் பலர் நம்புவதில்லை. மங்கலாக இருப்பதால் தெரியவில்லையே தவிர, சிறியதாக இருப்பதால் அல்ல. ஆகவே இதற்குப் பெரிய தொலைநோக்கி தேவையில்லை.

முகிலின் நடுவே நாற்கோணமாக நெருங்கி நிற்கும் இளம் விண்மீன்கள் உமிழும் புறஊதாக் கதிர்கள் சுற்றியுள்ள ஐதரசன் அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிரித்தெடுக்கின்றன. பிரிந்த இலத்திரன்கள் மீண்டும் அணுவோடு சேரும்போது 656.3 நனோமீற்றர் அலைநீளத்தில் சிவப்பு ஒளி வெளிப்படுகிறது. அதே கதிர்ப்பால் ஒட்சிசன் 500.7 நனோமீற்றரில் நீலப்பச்சையாக ஒளிர்கிறது. முகிலின் வடக்கில் தூசு விண்மீன் ஒளியைச் சிதறடிப்பதால் ஒரு நீலப் பகுதியும் உண்டு. எனவே படத்தில் வரும் நிறங்கள் கணினியில் பூசியவை அல்ல. நம் கண் மங்கிய ஒளியில் நிறம் காணும் திறனை இழந்துவிடுவதால்தான் தொலைநோக்கியில் பார்ப்பவர்களுக்கு அது சாம்பலாகத் தெரிகிறது.

இனி நம் இடத்தின் அனுகூலம். எம்42 வானநடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் செல்லும் கற்பனைக் கோடு) தெற்கே சுமார் 5.4 பாகையில் இருக்கிறது. கொழும்பு வடக்கே 6.9 பாகையில் இருக்கிறது. ஆகவே உச்சிக்கு வரும்போது அது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 78 பாகை உயரத்தில் நிற்கும். அந்த உயரத்தில் ஒளி கடந்துவரும் வளி, நேர் உச்சியில் இருப்பதைவிட 2 சதவீதமே அதிகம். ஒப்பிட்டுப் பார்க்க, தெற்கு வானத்தின் கரீனா விண்முகில் ஓரியனைவிடப் பெரியதும் அழகானதுமாக இருந்தாலும், இங்கே 23 பாகைக்கு மேல் எழாது. அதன் ஒளி இரண்டரை மடங்கு வளியையும், தெஹிவளை, மொறட்டுவைப் பக்கத்து வெளிச்சம் முழுவதையும் ஊடுருவி வரவேண்டும். தனுசு ராசிப் பக்கத்து லகூன் விண்முகில் 59 பாகை வரை ஏறுகிறது; ஆனால் அது நள்ளிரவில் உச்சிக்கு வரும் ஆனி மாதத்தில் தென்மேல் பருவமழை வந்து குந்திவிடும். லகூனை விரும்புபவர் மாசி, பங்குனியில் விடியற்புறம் எழும்ப வேண்டும். முதல் முயற்சிக்கு ஓரியனே போதும்.

நாளும் நேரமும்

நிலவுள்ள இரவில் இந்த வேலை ஆகாது. இலங்கையில் இதில் ஒரு சிறு கொடுமை இருக்கிறது: மாதந்தோறும் நமக்குக் கிடைக்கும் போயா விடுமுறை பௌர்ணமியன்றுதான் வருகிறது, கமராவோடு விழித்திருக்க வேண்டிய அமாவாசைக்கு அடுத்த நாள் அலுவலகம் திறந்திருக்கும். மார்கழித் திருவாதிரையும் அப்படியே. திருவாதிரை என்பது ஓரியனின் தோளில் செம்மையாக ஒளிரும் அந்தப் பெரிய விண்மீன்தான்; மார்கழியில் முழுநிலவு அதனருகே வரும் நாளையே ஆருத்திரா தரிசனமாகக் கொண்டாடுகிறோம். அதாவது அன்றிரவு ஓரியன் பகுதி முழுவதும் நிலவொளியில் மூழ்கியிருக்கும். அதிலிருந்து இரண்டு வாரமோ, சில ஆண்டுகளில் ஆறு வாரமோ பொறுத்தால் தை அமாவாசை ஒட்டிவரும் இரவுகள் கிடைக்கும். என் கணிப்பில் ஆண்டின் மிகச் சிறந்த இரவுகள் அவைதான். மாசியில் சிவராத்திரி விழிப்போடு இன்னொரு வாய்ப்பும் உண்டு. அன்று நிலவு விடியும் தறுவாயில்தான் எழும்.

முகில் உச்சிக்கு வரும் நேரம் டிசெம்பர் நடுப்பகுதியில் நள்ளிரவை ஒட்டியும், ஜனவரி நடுப்பகுதியில் இரவு 10 மணியளவிலும், பெப்ரவரி நடுப்பகுதியில் 8 மணியளவிலும் இருக்கும். உச்சிக்கு ஒரு மணிநேரம் முன் தொடங்கி இரண்டு மணிநேரம் பின்வரை எடுப்பது நல்லது. பின்பாதியை நீட்டச் சொல்வதற்குக் காரணம், உச்சி தாண்டியபின் ஓரியன் மேற்கே, கடல் பக்கம் சாய்வதாகும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைக் கடற்கரையோர மாடிகளில் இருப்பவர்களுக்கு அந்தப் பக்கத்தில் மட்டுமே தெருவிளக்கு இல்லாத இருள் இருக்கிறது. ஆனால் 40 பாகைக்குக் கீழே இறங்கிவிட்டால் உப்பு ஈரம் மூடிய கடல்வளி எல்லாவற்றையும் கழுவிவிடும், அதற்குமுன் நிறுத்திவிடுங்கள்.

மேல்தளம் பொதுவானது என்றால் முகாமைக் குழுவிடமும் இரவுக் காவலாளியிடமும் முன்கூட்டியே சொல்லிவைப்பது அவசியம். நள்ளிரவில் கூரையில் சிவப்பு விளக்கோடு ஒருவர் அசைவதைப் பார்க்கும் அயலவருக்கு விண்முகில் என்ற விளக்கம் உடனடியாக மனதில் தோன்றாது.

கருவிகள்

லென்ஸ் மாற்றக்கூடிய எந்தக் கமராவும், 85 முதல் 135 மில்லிமீற்றர் வரையான குவியத்தூரம் உடைய ஒரு நிலையான (ஜூம் ஆகாத) லென்ஸும், உறுதியான முக்காலியும், தொடர்ந்து படமெடுக்கச் செய்யும் இன்டர்வலோமீற்றரும் போதும். அந்த வசதி பல கமராக்களில் உள்ளேயே இருக்கிறது. 50 மில்லிமீற்றர் லென்ஸ் மட்டுமே இருந்தாலும் தொடங்கலாம். பல சாதாரணக் கமராக்களில் இருக்கும் ஏ.பி.எஸ்.-சி அளவு உணரியில் (ஒளியைப் பதியும் சில்லு) திருவாதிரையிலிருந்து கால்பக்கத்து ரைஜெல் வரை ஓரியன் முழுவதும் அதில் அடங்கும்; ஆனால் முகில் சுமார் 230 புள்ளி (பிக்சல்) அகலத்தில் ஒரு பூமொட்டுப் போலத்தான் வரும். 135 மில்லிமீற்றரில் அது 600 புள்ளியைத் தாண்டும், இடைக்கச்சை மூன்று விண்மீன்களும் கூடவே சட்டகத்தில் நிற்கும். நான் அதையே விரும்புகிறேன்.

கமராவின் உள்ளே உணரிக்கு முன்னால் இருக்கும் அகச்சிவப்புத் தடுப்பு வடிகட்டி, ஐதரசனின் 656.3 நனோமீற்றர் ஒளியில் பெரும்பகுதியையும் சேர்த்துத் தடுத்துவிடுகிறது. வானப் படக்காரர்கள் அதைக் கழற்றி மாற்றுவதற்கு இதுவே காரணம். ஓரியன் பிரகாசமானதாகையால் மாற்றாத கமராவிலும் அது இளஞ்சிவப்பாக வரும். ரோசெட் போன்ற மங்கலான முகில்கள் வரமாட்டா. ஒரே முகிலுக்காகக் கமராவைப் பிரிக்க வேண்டாம்.

ஒளிமாசு வடிகட்டி வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தெருக்களில் சோடியம் விளக்குகள் மட்டும் இருந்த காலத்தில் அவற்றின் மஞ்சள் ஒளியைத் தனியாக வெட்டியெறிய முடிந்தது. இப்போதைய வெள்ளை எல்.ஈ.டி. விளக்குகள் நிறமாலை முழுவதும் பரவி ஒளிர்வதால் அந்தப் பழைய வகை வடிகட்டிகளின் பயன் குறைந்துவிட்டது. ஐதரசன், ஒட்சிசன் என்ற இரண்டு குறுகிய அலைநீளங்களை மட்டும் விடும் இரட்டைப் பட்டை வடிகட்டி நகரத்தில் நன்றாக வேலை செய்யும். ஆனால் அதற்கு நீண்ட திறப்பு நேரமும், எனவே வானத்தோடு சுழலும் தாங்கியும் தேவை. நீலப் பகுதியையும் அது பெரும்பாலும் விழுங்கிவிடும். முக்காலி மட்டும் உள்ளவர் வடிகட்டி இல்லாமல் எடுப்பதே சரி.

குவியம் பிடித்தல்

லென்ஸில் முடிவிலிக் குறி இருக்கிறதே என்று அதை நம்பி, முதல் வருடம் நான் 600 படம் எடுத்தேன். ஒன்றுகூட உதவவில்லை. விண்மீன்கள் யாவும் உழுந்து வடையாக வந்திருந்தன. அந்தக் குறி அண்ணளவானது; பல லென்ஸ்கள் அதையும் தாண்டித் திரும்பும்.

தன்னியக்கக் குவியத்தையும் அசைவு நிலைப்படுத்தியையும் அணைத்துவிட்டு, சிரியஸ் போன்ற பிரகாசமான ஒரு விண்மீனைத் திரையின் நடுவில் கொண்டுவந்து, நேரலைக் காட்சியைப் பத்து மடங்கு பெருப்பித்து, புள்ளி மிகச் சிறியதாகும் வரை வளையத்தை மெதுவாகத் திருப்புங்கள். சிறியதாகி மீண்டும் பெருக்கத் தொடங்கும் இடத்தைக் கடந்துபோய்த் திரும்பி வந்தால்தான் சரியான இடம் கைக்குப் புலப்படும். கோடு வெட்டிய பாட்டினோவ் முகமூடி ஒன்றை லென்ஸின் முன் பிடித்தால் விண்மீனிலிருந்து மூன்று கதிர்கள் தோன்றும். நடுக்கதிர் மற்ற இரண்டுக்கும் சரிநடுவில் நிற்கும்போது குவியம் சரி. பிறகு வளையத்தை ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுங்கள். இரவின் நடுவே ஒருமுறை சரிபார்க்கவும் வேண்டும், ஏனென்றால் வெப்பம் மாற லென்ஸும் சிறிது மாறும்.

சட்டகத்தை அமைப்பதில் ஓர் இடைஞ்சல் உண்டு. இலக்கு தலைக்கு நேரே இருப்பதால் கமரா ஏறத்தாழச் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும். திரையைப் பார்க்கத் தரையில் மல்லாந்து படுக்க வேண்டியிருக்கும். பாய் ஒன்று கொண்டுபோங்கள். இடைக்கச்சை மூன்று விண்மீன்களிலிருந்து தெற்கே தொங்கும் வாளின் நடுவில் முகில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இரண்டு செக்கன் படம் ஒன்றில் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

சிறு படங்கள், பெருந்தொகை

1880 செப்டெம்பர் 30 அன்று நியூயோர்க்கை அடுத்த தன் வானாய்வகத்தில் ஹென்றி டிரேப்பர் இந்த முகிலை முதன்முறையாகப் படம்பிடித்தபோது ஒரே தகட்டை 51 நிமிடம் திறந்துவைத்தார். நாம் அப்படிச் செய்தால் கொழும்பின் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அதே ஒளியை நூற்றுக்கணக்கான குறுநேரப் படங்களாகப் பிரித்துச் சேகரித்துப் பிறகு மென்பொருளில் கூட்டுவதே நம் வழி.

இங்கே பெரும்பாலானோர் கவனிக்காத ஒரு விடயம் இருக்கிறது. இருண்ட இடத்தில் குறுநேரப் படங்கள் நட்டம் தருபவை. ஒவ்வொரு படத்தையும் வாசிக்கும்போது உணரி சேர்க்கும் இரைச்சல், மங்கலான ஒளியைவிட மேலோங்கிவிடும். நகரத்திலோ வானத்தின் பின்னணி ஒளியே அந்த வாசிப்பு இரைச்சலைச் சில செக்கன்களில் மூழ்கடித்துவிடுகிறது. அதற்கு மேல் ஒரே படத்தை நீட்டுவதால் பெரிய இலாபம் இல்லை. ஆகவே, தாங்கி இல்லாத முக்காலிக்காரன் கற்பிட்டியின் இருட்டில் இழப்பதைவிடக் கொழும்பில் குறைவாகவே இழக்கிறான்.

திறப்பு நேரத்துக்கு எல்லை வைப்பது பூமியின் சுழற்சி. வானநடுக்கோட்டருகே விண்மீன்கள் செக்கனுக்கு 15 பாகைவிகலை (ஒரு பாகையின் 3,600 இல் ஒரு பங்கு ஒரு பாகைவிகலை) நகர்கின்றன. 135 மில்லிமீற்றர் லென்ஸில், 4 மைக்ரோமீற்றர் புள்ளியுடைய உணரியில், ஒரு புள்ளி ஏறத்தாழ 6 பாகைவிகலை. இரண்டு செக்கனில் விண்மீன் ஐந்து புள்ளி இழுபடும். குவியத்தூரத்தால் 500 ஐ வகுக்கும் பழைய விதி இன்றைய நுண்ணிய உணரிகளுக்குத் தாராளமானது. 135 இல் ஒரு செக்கன், 85 இல் ஒன்றரை அல்லது இரண்டு, 50 இல் இரண்டரை என்று வையுங்கள். துளை எஃப் 2 அல்லது 2.8, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு அளவு) 1600, கோப்பு வகை றோ (கமரா திருத்தாமல் சேமிக்கும் மூலக்கோப்பு). வெண்சமநிலை எதுவாயினும் பரவாயில்லை. ஹிஸ்டோகிராமின் (ஒளியளவுப் பரவலைக் காட்டும் வரைபு) மேடு இடது ஓரத்தை விட்டு விலகி நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள், ஒட்டிக்கொண்டிருந்தால் ஐ.எஸ்.ஓ. வைக் கூட்டுங்கள்.

இரைச்சல் படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கேற்பக் குறைகிறது: 100 படத்தில் பத்திலொன்று, 400 இல் இருபதிலொன்று, 900 இல் முப்பதிலொன்று. எனவே முதல் 400 க்கு உள்ள மதிப்பு அடுத்த 400 க்கு இல்லை. ஆனாலும் நான் 1,500 க்குக் குறைவாக எடுப்பதில்லை. ஒரு செக்கன் வீதம் அது 25 நிமிட ஒளிதான். அட்டையில் 40 கிகாபைட் அளவு இடமும், மேலதிகப் பற்றரி ஒன்றும் வேண்டும். மின்னணுச் சட்டர் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பொறிமுறைச் சட்டருக்கு ஆயுள் கணக்குண்டு.

வானம் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும். பத்து நிமிடத்துக்கொருமுறை முகிலை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவாருங்கள், ஒவ்வொரு முறையும் சிறிது இடம் மாற்றியே வையுங்கள். உணரியின் நிலையான குறைகள் அப்போது ஒரே இடத்தில் குவியாமல் சிதறிப்போகும்.

சுழலும் தாங்கி வைத்திருப்போருக்கு

தாங்கியின் அச்சை வடதுருவத்தை நோக்கி வைக்க வேண்டும். வழிகாட்டிகள் யாவும் துருவ விண்மீனைப் பார்த்து வை என்கின்றன. கொழும்பில் துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து 7 பாகை உயரத்தில், அடுத்த தொடர்மாடிக்கும் நகரத்தின் புகைமூட்டத்துக்கும் பின்னால் ஒளிந்திருக்கிறது. அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அச்சின் சாய்வைத் தொலைபேசியின் சாய்வுமானியால் 6.9 பாகைக்கு வையுங்கள். திசைக்குக் காந்த ஊசியை மட்டும் நம்ப வேண்டாம். கூரை முழுவதும் இரும்புக் கம்பி. செய்மதி வரைபடத்தில் உங்கள் கட்டடச் சுவரின் கோணத்தை அளந்து, அந்தச் சுவரை வைத்து வடக்கைக் குறித்துக்கொள்வது நம்பகமானது. ஒருமுறை சரியாக அமைந்ததும் முக்காலியின் மூன்று கால்களும் நிற்கும் இடத்தில் பூச்சால் புள்ளி வைத்துவிடுங்கள்.

இந்தத் தாழ்ந்த சாய்வில் எடைக்கோல் (கமராவுக்குச் சமனாக எடையைத் தாங்கும் கோல்) முக்காலிக் காலில் இடிக்கும் வாய்ப்பு அதிகம். முதலில் வெறும் கையால் சுழற்றிப் பாருங்கள். தாங்கி இருந்தால் 20 முதல் 30 செக்கன் வரை போகலாம். அப்போது முகிலின் நடுப்பகுதி வெளிறிப்போகுமாகையால், இரண்டு செக்கன் படங்கள் ஐம்பதையும் தனியாக எடுத்துக் கடைசியில் மையத்துக்கு மட்டும் ஒட்ட வேண்டும்.

வெப்பமும் ஈரமும்

தை மாதத்திலும் கொழும்பு இரவு 20 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அரிது. வெப்பமான உணரி தானே போலிப் புள்ளிகளை உண்டாக்குகிறது. குளிர்நாட்டுக்காரர் தவிர்க்கக்கூடிய டார்க் படங்களை (அந்தப் போலிப் புள்ளிகளை மட்டும் பதிபவை) நாம் தவிர்க்க முடியாது. வேலை முடிந்ததும் கமரா சூடாக இருக்கும்போதே லென்ஸை மூடி, அதே திறப்பு நேரத்திலும் அதே ஐ.எஸ்.ஓ. விலும் 40 படம் எடுங்கள். ஃபிளாட் படங்களுக்குக் குவியத்தையும் துளையையும் மாற்றாமல், வெள்ளை வேட்டித் துணியை இரண்டாக மடித்து லென்ஸின் மேல் சுருக்கமின்றி இழுத்துக் கட்டி, ஒளிரும் கணினித் திரையை நோக்கி 30 படம் எடுத்தால் போதும். லென்ஸின் மூலை இருட்டும் தூசுத் தடங்களும் அவற்றால் நீங்கும். நகர வானத்தில் ஃபிளாட் இல்லாமல் பின்னணியைச் சமப்படுத்தவே முடியாது.

பனி இல்லாத ஊரில் லென்ஸ் நனையுமா என்று எண்ண வேண்டாம். 11 மணிக்குப் பிறகு கண்ணாடி வியர்க்கும். பவர் பாங்கில் இயங்கும் வெப்பப் பட்டி ஒன்றை லென்ஸைச் சுற்றிக் கட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் உப்புப் படிவைத் துடைத்து, சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப்புகாப் பெட்டியில் லென்ஸை வைக்காவிட்டால், அடுத்த பருவத்துக்குள் உள்ளே பூஞ்சை படர்ந்துவிடும். எனக்கு அப்படி ஒன்று போயிற்று.

கணினியில்

சிரில் என்ற இலவச மென்பொருள் எல்லாக் கணினிகளிலும் இயங்கும். விண்டோஸில் டீப்ஸ்கைஸ்டாக்கரும் உண்டு. றோ, டார்க், ஃபிளாட் படங்களைத் தனித்தனிக் கோப்புறைகளில் இட்டால், அவை திருத்தி, விண்மீன்களைப் பொருத்தி, அடுக்கித் தரும். கிடைக்கும் படம் கறுப்பாக இருப்பதைக் கண்டு மனந்தளர வேண்டாம். தகவல் யாவும் அடிமட்டத்தில் நெருக்கமாகக் கிடக்கிறது.

வரிசை முக்கியம். முதலில் ஓரங்களை வெட்டுங்கள். அடுத்து பின்னணிச் சாய்வை நீக்குங்கள். மாதிரிப் புள்ளிகளை முகிலின் மேல் வைத்தால் முகிலும் சேர்ந்து போய்விடும், ஆகவே அவற்றைக் கையால் நகர்த்துங்கள். மூன்றாவதாக, விண்மீன் பட்டியல்களோடு ஒப்பிட்டு நிறத்தைச் சீராக்கும் கருவியை இயக்குங்கள். இவையெல்லாம் முடிந்த பின்னரே ஒளியளவை இழுத்து விரிக்க வேண்டும், அதுவும் ஒரே இழுப்பில் அல்லாமல் சிறுகச் சிறுக. முகிலின் நடுவிலுள்ள நாற்கோண விண்மீன்கள் மறையத் தொடங்கும் இடத்தில் கையை எடுத்துவிடுங்கள். நிறச்செறிவை ஏற்றும் ஆசையில் முகிலைச் செம்பருத்தியாக்கிய படங்கள் நிறைய உலாவுகின்றன. மாற்றாத கமராவில் உண்மையாக வரக்கூடியது சற்று வெளிறிய இளஞ்சிவப்பு, மையத்தில் இலேசான பச்சைநீலம், வடக்கில் நீலம். வானத்தை முழுக் கறுப்பாக்கினால் முகிலின் மெல்லிய சிறகுகளும் வெட்டுப்பட்டுவிடும், அடர்சாம்பலில் நிறுத்துங்கள்.

அடுக்கிக் கிடைத்த 32 பிட் கோப்பை, இழுத்து விரிப்பதற்கு முந்திய நிலையிலேயே திகதியோடு தனியாகச் சேமித்துவையுங்கள். அடுத்த தை அமாவாசையில் அதே லென்ஸால் எடுக்கும் படங்களை அதனோடு கூட்டலாம். முகில் அதற்குள் எங்கும் போய்விடாது.